திருவொற்றியூருக்கு எத்தனை எழுத்து?



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நீளமான பதிவு. "டீச்சர், கொஞ்சம் சுருக்கமா எழுதுங்க, ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படிக்க முடியல" என்று கீழே கருத்துப் போடும் பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பக்கக் கட்டுரை கேட்டால் வரிக்கு மூன்று சொல்லாகக் கொட்டை கொட்டையாய் எழுதிப் பக்கத்தை நிரப்பியவர்கள் நீங்கள். இப்போது என்னைச் சுருக்கச் சொல்கிறீர்கள். முகநூல் ஒரு பதிவுக்கு 63,206 குறிகள் வரை இடம் தருகிறது. அதில் பாதியைக்கூட நான் தொடப்போவதில்லை. ஆகையால் டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பேச வந்ததே இந்த நீளத்தைப் பற்றித்தான். இப்போது எங்கே போனாலும் ஒரு வரம்பு. இந்தப் பெட்டியில் 500 எழுத்துக்குள் எழுதவும். அந்த மனுவில் 500 சொல்லுக்குள் எழுதவும். குறுஞ்செய்திக்கு ஒரு அளவு, ட்விட்டருக்கு ஒரு அளவு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 700. வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக என்று வருடா வருடம் கேள்வித்தாளில் கேட்டவள் நான். வரம்பு எழுதுகிறவனை யோசிக்க வைக்கும். ஆனால் எண்ணுகிறவர் யார், எதை ஒன்று என்று எண்ணுகிறார் என்ற கேள்வியைத் தமிழில் எழுதுகிறவர்கள் கேட்டே ஆக வேண்டும். கேட்காததால் நமக்கு நஷ்டம் வருகிறது. அந்த நஷ்டம் சில நேரம் உயிர் சம்பந்தப்பட்டது.

ஒரு காகிதம் எடுத்து 'திருவொற்றியூர்' என்று எழுதுங்கள். எத்தனை எழுத்து? தி, ரு, வொ, ற், றி, யூ, ர். ஏழு. மூன்றாம் வகுப்புக் குழந்தை விரல் விட்டு எண்ணிச் சொல்லும். உங்கள் கைப்பேசியைக் கேளுங்கள். பதினான்கு என்று சொல்லும். சரியாக இரண்டு மடங்கு!

காரணம் கஷ்டமானதல்ல. கணினிக்குள் தமிழ் யூனிகோடு முறையில் இருக்கிறது. அதில் உயிரெழுத்துகளுக்கும், அகரமேறிய மெய்களுக்கும் தனித்தனி எண் உண்டு. கால், கொம்பு, சுழி, புள்ளி இவற்றுக்கும் தனித்தனி எண் உண்டு. 'தி' என்பது நமக்கு ஓர் எழுத்து. அதற்கு 'த' ஒன்று, மேலே உள்ள விசிறி ஒன்று, ஆக இரண்டு. 'ர்' என்பது 'ர' ஒன்று, புள்ளி ஒன்று. இராயபுரம் நமக்கு ஆறு, கைப்பேசிக்கு ஒன்பது. எண்ணூர் நமக்கு நான்கு, அதற்கு ஏழு. காசிமேடு நான்கு, அதற்கு எட்டு. தண்டையார்பேட்டை எட்டு, அதற்குப் பதினைந்து. 'ஸ்ரீ' என்று ஒன்று போட்டால் நான்கு. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் கவனிக்க.

சில பழைய கணினிப் பெட்டிகள் எழுத்தையே எண்ணுவதில்லை, பைட்டை எண்ணும். வழக்கமாகக் கோப்புகளில் சேமிக்கும் முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. அந்தக் கணக்கில் திருவொற்றியூர் 42. ஏழெழுத்து ஊருக்கு நாற்பத்திரண்டு! தேரடியிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிப் படுக்க வைத்தாற்போல.

247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், டேஸ்-16 என்ற அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. இரண்டாவதில் 'தி' ஒன்றுதான், 'ர்' ஒன்றுதான். ஆனால் உலகமெல்லாம் யூனிகோடில் ஓடும்போது கைப்பேசிக்குள் அது வரவில்லை. அதை இனி மாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. மாற்ற வேண்டிய இடம் வேறு. எண்ணுகிற இடத்தில் மாற்றலாம். சேமிப்பது எப்படியோ சேமிக்கட்டும், "500 எழுத்து" என்று எங்களிடம் சொல்லும்போது எங்கள் எழுத்தை எண்ணு. 'தி'யை ஒன்றாக எண்ணும்படி நிரல் எழுதுவது இன்று பெரிய வித்தையல்ல. எழுதத் தெரிந்த என் மாணவர்களே சோழிங்கநல்லூர் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களைத்தான் சொல்கிறேன்.

எழுத்தை எண்ணுவது நமக்குப் புதிதா என்ன? வெள்ளிக்கிழமை மாலையில் நம் வீட்டுப் பெண்கள் அபிராமி அந்தாதி சொல்கிறார்களே, அந்த நூறு பாட்டும் கட்டளைக் கலித்துறை. அதற்குக் கடுமையான எழுத்து வரம்பு உண்டு. வரி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஒன்று கூடக்கூடாது, குறையக்கூடாது. இதில் அழகு என்னவென்றால், புள்ளி வைத்த எழுத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒற்றுக்குத் தனி ஓசையில்லை, அதனால் எண்ணிக்கையும் இல்லை. செய்யுளில் உயிரில்லாத எழுத்தை எண்ணக்கூடாது என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். அவர் பூஜ்யம் என்று விட்ட 'ர்' கைப்பேசியில் இரண்டாகிவிட்டது. நம் மரபில் மிக மெல்லிய எழுத்து எதுவோ அதற்குத்தான் இன்று இரட்டைக் கட்டணம். குறளுக்கு வரம்பு வேறு மாதிரி, ஏழு சீர். அங்கே எழுத்தை யாரும் எண்ணவில்லை. எதை எண்ணுவது என்பதைப் பாவின் ஓசை முடிவு செய்தது.

கைப்பேசியின் வரம்பை யார் முடிவு செய்தார்கள்? 1985இல் ஜெர்மனியின் பான் நகரத்தில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியாளர் தட்டச்சுப் பொறி முன்னால் உட்கார்ந்து மனதில் தோன்றிய வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலும் 160க்குள் முடிந்துவிட்டன. தபால் அட்டைகளும் டெலக்ஸ் செய்திகளும் ஏறக்குறைய அந்த அளவுதான் என்று கண்டார். அப்படி வந்ததுதான் குறுஞ்செய்தியின் 160. நல்ல முறைதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் மேசையில் தமிழ்த் தபால் அட்டை ஒன்றும் இருந்திருக்காது. இருந்திருந்தால் தெரிந்திருக்கும். நம் பெரியவர்கள் அட்டையின் உள்ளே எழுதி, ஓரத்தில் எழுதி, தலைகீழாகத் திருப்பி எழுதி, முகவரிப் பக்கத்து மூலையில் 'பாப்பாவுக்கு முத்தம்' வரைக்கும் எழுதி அனுப்பியவர்கள்.

அந்த 160 ஆங்கில எழுத்துக்கு மட்டும். செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் வரம்பு 70 ஆகிவிடும். செய்தி ஒன்றுக்கு 140 பைட் என்பது கட்டப்பட்ட அளவு. தமிழ்க் குறிக்கு இரண்டு பைட் என்று பிடித்தால் 70. அந்த 70லும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக இடம் பிடிக்கும். அதைத் தாண்டினால் செய்தி இரண்டாகும், அனுப்புகிறவருக்கு இரண்டு கட்டணம். 'Amma saptiya' என்பதுபோல் தமிழை ஆங்கில எழுத்தில் நீங்களெல்லாம் எழுதப் பழகியதற்கு விசைப்பலகை மட்டும் காரணமில்லை, இந்தக் கணக்கும் காரணம். (ஐயோ, பதிவில் ஆங்கில எழுத்து வந்துவிட்டது என்று யாராவது கேட்பீர்கள்.

கேளுங்கள், அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.) பொங்கலன்றும் தீபாவளியன்றும் வாழ்த்துச் செய்திக்குத் தனிக் கட்டணம் பிடித்த காலம் ஞாபகமிருக்கிறதா? அப்போது பழகியது இன்னும் விடவில்லை.

இதெல்லாம் வாழ்த்துக்குச் சரி. எச்சரிக்கைக்கு?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் நடந்ததை இங்கே இருக்கும் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. வெளியூர் உறவுகளுக்காகச் சொல்கிறேன். கடலுக்கடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. நள்ளிரவை ஒட்டிய நேரம். பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கத்து ஜனங்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதற்கு முன்பு, அதே மாதம்தான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரமெல்லாம் படிந்திருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு.

அந்த மாதிரி இரவில் கைப்பேசிக்கு ஒரு தமிழ்ச் செய்தி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிவு. ஈரத்துணியால் மூக்கு, வாயை மூடி வெளியேறவும்."

எட்டே சொல். இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து நம் கணக்கில் 47. கைப்பேசிக் கணக்கில் 77. ஏழு கூடுதல், ஆகவே இரண்டு செய்தி. 'மூக்கு, வாயை மூடி' என்பதை 'முகம் மூடி' என்று மாற்றினேன்:

"பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிவு. ஈரத்துணியால் முகம் மூடி வெளியேறவும்."

சரியாக 70. எண்ணிப் பாருங்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமைப்படுகிற விஷயமா இது? முகம் மூடச் சொன்னால் கண்ணை மூடுவதா, மூக்கை மூடுவதா என்று ஒருவன் குழம்பலாம். ஏழு குறிக்காகத் தெளிவு கொஞ்சம் போயிற்று. எந்தப் பக்கம் ஓடுவது, எந்த எண்ணுக்குப் பேசுவது என்பதற்கு இடமே இல்லை. இதையே ஆங்கிலத்தில் எழுதினால் அதெல்லாம் எழுதியும் மிச்சம் இருக்கும். அதனால்தான் அவசரச் செய்திகளை ஆங்கிலத்தில் தட்டிவிடலாம் என்ற ஆசை அதிகாரிகளுக்கு வருகிறது. படிக்க வேண்டியவர் யார்? குப்பத்தில் இருக்கும் பாட்டி. 2023 அக்டோபரில் எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியதே, சோதனை எச்சரிக்கை, அந்த முறை குறுஞ்செய்தி மாதிரி இல்லை. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாருக்கும் ஒரே வீச்சில் போவது. நீளத்துக்கும் அதில் இடம் அதிகம். எச்சரிக்கைக்கு அதுதான் சரி, தமிழில்தான் முதலில் வர வேண்டும் என்பது என் கட்சி.

வரம்பைவிட மோசமானது ஒன்று உண்டு. வெட்டு.

கைப்பேசித் திரையின் மேலே செய்தி எட்டிப் பார்க்கிறதே, அங்கே முதல் சில சொற்கள்தான் தெரியும். மீதி மூன்று புள்ளியாகிவிடும். ஆங்கிலத்தில் இது பெரிய சேதமில்லை. 'டூ நாட்' என்று அவர்கள் தடையை முன்னாலேயே வைத்துவிடுவார்கள். தமிழில் வினை கடைசியில் வரும். ஆம், இல்லை, வேண்டும், வேண்டாம் எல்லாம் வாலில். 'மீனவர்கள் அடுத்த இரண்டு நாட்களுக்கு ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கச் செல்ல வேண்டாம்' என்ற செய்தியை வெட்டுங்கள். 'மீனவர்கள் அடுத்த இரண்டு நாட்களுக்கு ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கச் செல்ல...' என்று நிற்கும். செல்ல என்ன? செல்லலாமா? விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பவன் ஈரக்கையோடு போனைத் தொட்டுத் திறந்து மீதியைப் படிப்பானா? 'இந்தத் தண்ணீரைக் குடிக்க' என்று நின்றால் என்ன அர்த்தம்?

இதற்கு வழி தமிழிலேயே இருக்கிறது. நம் மொழியில் சொற்களை முன்பின்னாக மாற்றலாம், பொருள் கெடாது. தடையை வினைக்குள்ளேயே வைக்கவும் முடியும். எதிர்மறை வினை என்று ஏழாம் வகுப்பில் படித்தீர்கள், எத்தனை பேருக்கு ஞாபகமோ. 'செல்லாதீர்.' 'குடிக்காதீர்.' 'தொடாதீர்.' ஒரே சொல்லில் முடிந்தது. 'கடலுக்குச் செல்லாதீர், மீனவர்களே, அடுத்த இரண்டு நாட்களுக்கு.' இப்போது எங்கே வெட்டினாலும் ஆளைக் காப்பாற்றும். கட்டுரை ஏட்டில் இப்படி எழுதினால் நான் வாக்கிய அமைப்புக்கு மதிப்பெண் குறைத்திருப்பேன். எச்சரிக்கையில் முழு மதிப்பெண்.

வாலை வெட்டியதால் வந்த வினை ஒன்றை நானே பார்த்தேன். என்னிடம் படித்த பெண், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய், தெருக்குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்து வருகிறது என்று ஓர் அலுவலகத்தின் இணையப் பெட்டியில் மனு போட்டாள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். 500 எழுத்து என்று போட்டிருந்தது. அவள் கெட்டிக்காரி, ஏட்டில் எழுதி எண்ணிப் பார்த்து 320 சொச்சம்தான் என்று தைரியமாக ஒட்டினாள். பெட்டி சத்தமில்லாமல் கடைசியைக் கடித்துவிட்டது. 'குடிதண்ணீர் தினமும் காலையில் வருகிறது, ஆனால் அதைக் குடிக்க' என்பதோடு நின்றுவிட்டது மனு. மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: குடிநீர் வழங்கப்பட்டு வருகிறது, மனு முடிக்கப்பட்டது. பதில் எழுதியவரைத் திட்டிப் பயனில்லை. அவர் முன் இருந்தது அவ்வளவுதான். மீறினால் 'மீறிவிட்டது' என்று சொல்லாமல் கடித்துவிடுகிற பெட்டியை வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

அவள் எழுதிய முதல் மனுவையும் நான் படித்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை, தமிழ் அழகாக இருந்தது. ஆனால் 'ஐயா வணக்கம், நாங்கள் இந்தப் பகுதியில் நீண்ட காலமாக வசித்து வரும் ஏழை எளிய மக்கள், தாங்கள் தயவு கூர்ந்து' என்று தொடங்கி ஐந்தாவது வரியில்தான் தண்ணீர் வருகிறது. நம் மனு எழுதும் முறை அப்படி. அந்தக் காலத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் பழக்கிவிட்டது. காகிதத்துக்கு அது மரியாதை. பெட்டிக்கு அது இடத்தைத் தின்னும் பூதம். நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாற்றியது இப்படி:

"(தெருவின் பெயர்), கதவு எண் 12 முதல் 30 வரை, 19 வீடுகள். மார்ச் 3 முதல் குடிநீரில் கழிவுநீர் கலந்து வருகிறது. 4 குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. குழாயைச் சோதித்துச் சரிசெய்யவும். அதுவரை லாரித் தண்ணீர் தரவும்."

வணக்கம் போயிற்று, ஏழை எளிய போயிற்று. எண்கள் எல்லாம் நின்றன. இடம் எங்கே, எந்தத் தேதி முதல், எத்தனை வீடு, யாருக்கு என்ன ஆயிற்று, என்ன செய்ய வேண்டும். எப்படி வெட்டினாலும் இந்த ஐந்தில் கை வைக்காதீர்கள். உரிச்சொல்லை வெட்டுங்கள், கோபத்தை வெட்டுங்கள், 'பலமுறை முறையிட்டும்' என்பதை வெட்டிவிட்டு முந்தைய மனு எண்ணைப் போடுங்கள். 'பல ஆண்டுகளாக' என்றால் எவரும் மறுக்கலாம். 'மார்ச் 3 முதல்' என்றால் மறுக்க முடியாது, இடமும் குறைவு.

நம்மூரில் இருப்பவர்களுக்கு இதற்கு நல்ல பாடம் தெருவிலேயே ஓடுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கிறீர்களே, அந்தப் பெட்டிகளின் எண்ணைப் படித்ததுண்டா? உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் பதினொரு குறிதான். முதல் மூன்று எழுத்து உரிமையாளர். நான்காவது பெரும்பாலும் 'யு', சரக்குப் பெட்டி என்று அர்த்தம். பிறகு ஆறு இலக்கம் வரிசை எண். கட்டம் கட்டிய கடைசி இலக்கம் இருக்கிறதே, அது எந்தத் தகவலும் சொல்வதில்லை. முன்னால் உள்ள பத்தும் சரியா என்று கணக்குப் போட்டுச் சரிபார்க்க மட்டுமே அது இருக்கிறது. பதினொன்றே குறி, அதிலும் ஒன்றைத் தப்பைக் கண்டுபிடிக்க ஒதுக்கியிருக்கிறார்கள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் மாணவர் ஒருவர் இதைச் சொன்னபோது, பதினொரு இலக்கக் கணக்கை அவருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான் என்பதை மறக்காமல் நினைவூட்டினேன்.

சொல் வரம்புக்கு வருகிறேன். எழுத்தை எண்ணினால் நமக்கு நஷ்டம் என்றால், சொல்லை எண்ணினால் நமக்கு லாபம். இது பலர் கவனிக்காத விஷயம். 'போகவேண்டியிருந்திருக்கும்' என்று எழுதினால் ஒரு சொல். ஆங்கிலத்தில் அதையே சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும், 'உம்' ஒட்டிக்கொள்ளும், கேள்வி 'ஆ'வும் ஒட்டிக்கொள்ளும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இது உதவும். மத்திய அரசின் கீழுள்ள அலுவலகங்களுக்கு, நம் பக்கத்தில் இருக்கும் துறைமுகங்களும் அதில் அடக்கம், 2012ஆம் ஆண்டு விதிகளின்படி விண்ணப்பம் சாதாரணமாக 500 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. இணைப்புகள் இதில் சேராது. இதற்கு முன் 2010இல் வந்த வரைவில் 250 சொல், ஒரே பொருள் என்று இருந்தது. எதிர்ப்பு வந்ததும் அது 500 ஆனது, ஒரே பொருள் என்ற நிபந்தனையும் போயிற்று. இன்னொரு வரியும் அந்த விதியிலேயே இருக்கிறது: 500ஐத் தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தை நிராகரிக்கக்கூடாது. இந்த வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், சத்தியமாக ஒருநாள் பயன்படும். வரம்பு வைக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் வைக்க வேண்டும். அளவு சொல், மீறினால் சொல்லித் திருத்து, கதவை மூடாதே. இணையத்தில் போடுகிறவர்களுக்குப் பெட்டியில் 3000 குறி என்று கட்டுப்பாடு உண்டு, அதற்கு மேல் என்றால் தனிக் கோப்பாக இணைக்க வேண்டும். பெட்டிக்கு அடங்கவில்லை என்று தமிழை விட்டுவிடாதீர்கள். அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தின் 6(1) பிரிவே சொல்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு காகிதத்தில் தமிழில் எழுதித் தபாலில் அனுப்புங்கள். காகிதம் புள்ளியை இரண்டாக எண்ணாது.

லாபம் கிடைக்கிறது என்று சொற்களை எல்லாம் ஒட்டிவிடவும் கூடாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் அண்ணன் பேரன் ஒரு கட்டுரை காட்டினான். 200 சொல்லுக்குள் அடக்க 'அரசாங்கத்தால்செய்யப்படவேண்டியவற்றுள்' என்று ரயில் விட்டிருந்தான். "கணக்குல ஒண்ணுதானே அத்தைப்பாட்டி" என்றான். அதைப் படிக்கிறவர் நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டும், மதிப்பெண் போடும் மனநிலையும் அதற்குள் போய்விடும். வரம்பு வாசிக்கிறவருக்காக வந்தது. அவருடைய கண்ணை ஏமாற்றி எண்ணிக்கையை ஜெயித்து என்ன பயன்?

ட்விட்டரைப் பற்றி ஒரு வார்த்தை, இப்போது எக்ஸ். 140இல் தொடங்கி 2017 நவம்பரில் 280 ஆக்கினார்கள். சீனம், ஜப்பான், கொரிய மொழிகளுக்கு மட்டும் பழைய அளவையே வைத்தார்கள். அவர்கள் எழுத்து ஒன்றே ஒரு சொல்லளவு பொருள் சுமக்கும், ஆகவே 140 போதும் என்று கணக்கு. நியாயம்தான். அதே நியாயத்தைத் திருப்பினால், கொம்பும் புள்ளியும் தனியாக எண்ணப்படுகிற மொழிக்குக் கூடுதலாகத் தர வேண்டும் அல்லவா? மேலே எண்ணூர்ச் செய்தியில் கண்ட விகிதத்தில் பார்த்தால் 280 என்பது நமக்குச் சுமார் 170 எழுத்துதான். அதற்குள்ளும் நன்றாக எழுதுகிற தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் திறமை அது, கொடுத்த இடத்தின் தாராளம் அல்ல.

சுருக்கம் எப்போதும் உயர்வு என்று நினைப்பவர்களுக்குத் தந்தியைச் சொல்வேன். 2013 ஜூலை 15ஆம் தேதி இந்தியாவில் தந்தி சேவை நின்றபோது எல்லாரும் கண்ணீர் விட்டு எழுதினார்கள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. சொல்லுக்குக் காசு. 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி.' நான்கே சொல். எங்கள் தெருவில் தந்திக்காரர் சைக்கிள் நின்றாலே பிரிப்பதற்கு முன் ஒப்பாரி தொடங்கிவிடும். சீரியஸ் என்றால் இறந்துவிட்டார் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் இறந்திருந்தாலும் அப்படித்தான் அடிப்பார்கள். உண்மையாகவே உடம்பு சரியில்லாதவருக்கும் அதே நான்கு சொல். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல இன்னும் நான்கு சொல் வேண்டும், அதற்குக் காசில்லை. ராத்திரி முழுக்க ரயிலில் அழுதுகொண்டே போனவர்கள் எத்தனை பேர். வாழ்த்துத் தந்திக்கு எண் போட்ட வாசகங்கள் உண்டு, எண்ணைச் சொன்னால் முழு வாழ்த்தும் போய்ச் சேரும். துக்கத்துக்குத்தான் சொல்லெண்ணிக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே உறவுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியிலிருந்து குடும்பக் குழுவுக்கு எழுதும்போது 'அப்பா அட்மிட், பிரே' என்று மூன்று சொல்லில் போட்டுவிட்டுப் போனை அணைக்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரி, என்ன, இப்போது பேசுகிறாரா, யார் கூட இருக்கிறார்கள், வர வேண்டுமா வேண்டாமா. இங்கே சிக்கனம் வேண்டாம். துபாயில் இருக்கிற பிள்ளை அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் என்ன செய்வான்? காலை வணக்கப் பூப்படத்துக்குக் கீழே எழுதும் பன்னிரண்டு வரித் தத்துவத்தில் வேண்டுமானால் சிக்கனம் காட்டுங்கள்.

மனு, விண்ணப்பம், தெருவுக்கான அறிவிப்பு எதுவானாலும் எழுதினால் எனக்கு அனுப்புங்கள், பெட்டிக்குள் அடங்கும்படி வெட்டித் தருகிறேன். வெட்டுவதில் எனக்கு முப்பத்தைந்து வருட அனுபவம், சிவப்பு மை இன்னும் காயவில்லை. கதவு எண்ணும் தேதியும் மட்டும் மறக்காமல் போட்டு அனுப்புங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டாம், காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருப்பேன்.